விடாது கருப்பு: மறுபடியும் பார்க்க உட்காரும் முன்

'மர்ம தேசம்' வரிசையின் இரண்டாவது கதையான 'விடாது கருப்பு' 1997இல் சன் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி இருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, மின்பிம்பங்கள் தயாரித்த அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு இரவில் தனியாகக் கொல்லைப்பக்கம் போக மறுத்த பிள்ளைகள் பலர் இன்று தம் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட விரும்புகிறார்கள். சிலர் தாமே ஒருமுறை திரும்பப் பார்த்துவிட ஆசைப்படுகிறார்கள். கவிதாலயாவின் யூடியூப் பக்கத்தில் தொடர் கிடைப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது.

நான் முதன்முறை திரும்பப் பார்த்தபோது அந்தக் கவனம் என்னிடம் இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் நேர ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, கைபேசியில், ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்க, ஒரே மூச்சில் ஆறு பகுதிகளைப் பார்த்து முடித்தேன். திண்டுக்கல் வரும்போது மனத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. காட்சிகள் மெதுவாக நகர்ந்தன, படம் மங்கலாக இருந்தது, பயம் என்பது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. குழந்தைப் பருவத்தில் அருமையாகத் தோன்றிய ஒன்று உண்மையில் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று வருத்தத்தோடு மூடிவைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு விதமாக, வீட்டில் உட்கார்ந்து மீண்டும் தொடங்கியபோதுதான் தவறு தொடரில் இல்லை என்பது விளங்கியது. வாரத்துக்கு ஒரு முறை, இரவில், வீட்டார் எல்லோரும் ஒரே பெட்டியின் முன் கூடியிருக்கும்போது பார்ப்பதற்கென்று எடுக்கப்பட்ட ஒன்றை, அந்த மூன்றும் இல்லாமல் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை நான் செய்தவற்றையும், செய்யத் தவறிப் பிறகு கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். கதையின் முடிச்சை எங்கும் அவிழ்க்கவில்லை; ஆகவே மறந்துபோனவர்களும், பார்த்தே இராதவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

முதலில் நினைவை எழுதிவையுங்கள்

முதல் பகுதியைத் தொடங்குவதற்கு முன், ஒரு தாளில் உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதிவிடுங்கள். காட்சி, முகம், ஒலி, எந்த வீட்டில் பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், பார்த்த பிறகு என்ன செய்தீர்கள் என்பது வரை எழுதுங்கள். இதைப் பார்த்த பிறகு செய்ய முடியாது, ஏனென்றால் புதிதாகப் பார்த்த காட்சி பழைய நினைவின் மேல் படிந்து, சிறு வயதில் கண்டது எது, நேற்றுக் கண்டது எது என்று பிரிக்க முடியாமல் செய்துவிடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் காத்துவைத்த ஒன்றை ஒரே இரவில் அழித்துவிட வேண்டாம்.

என் தாளில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒரு நாயின் உருவம் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருந்தது. அது 'விடாது கருப்பு' தொடரில் வருவதாகவே எழுதிவைத்திருந்தேன். அது உண்மையில் 'மர்ம தேசம்' வரிசையின் முதல் கதையான 'ரகசியம்' தொடரில், சித்தர்பட்டி பைரவர் கோயிலைச் சுற்றி வருவது. இரண்டு கதைகளும் என் மனத்தில் ஒரே ஊராகிவிட்டிருந்தன. இன்னொன்று, முழுத் தொடரும் இருட்டிலேயே நடந்ததாக நான் நம்பியிருந்தேன். திரும்பப் பார்த்தபோது வெயில் கொளுத்தும் பகல் காட்சிகள் இவ்வளவு இருந்தனவா என்று வியப்பாக இருந்தது. இருட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத் தொடரின் கணக்கில் எழுதிவிட்டிருக்கிறேன். இந்த இரண்டு பிழைகளும் எனக்குத் தொடரைப் பற்றிச் சொன்னதைவிட என் சிறு வயதைப் பற்றிச் சொன்னவை அதிகம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எந்தக் கதையில் தொடங்குவது

'மர்ம தேசம்' ஐந்து தனிக் கதைகளைக் கொண்டது: 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்'. ஒன்றைப் பார்க்காமல் இன்னொன்றைப் பார்ப்பதால் எதுவும் விளங்காமல் போகாது. ஆனாலும் நேரம் இருப்பவர்கள் 'ரகசியம்' கதையிலிருந்து தொடங்குவது நல்லது. நவபாஷாண லிங்கம், சித்த மருத்துவம், கோயிலின் காவல் ஆகியவற்றை வைத்துப் பின்னப்பட்ட அந்தக் கதையில்தான் எழுத்தாளரும் இயக்குநரும் தங்களுக்கான முறையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஓர் ஊர், அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் ஒன்று, அதன் பேரில் நிகழும் மரணங்கள், அதை நம்பாமல் வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்பவர்கள் என்ற அந்த அமைப்பு 'விடாது கருப்பு' தொடரில் முழு வலிமை பெறுகிறது. நவபாஷாணம் என்பது ஒன்பது நச்சுப் பொருள்களைச் சித்தர் முறைப்படி கட்டி எடுப்பது என்பதும், பழனி மூலவரைப் போகர் அவ்வாறு செய்தார் என்பது மரபு என்பதும் முன்பே தெரிந்திருந்தால் முதல் சில பகுதிகள் எளிதாக இருக்கும்.

நேரம் இல்லாதவர்கள் நேராக 'விடாது கருப்பு' தொடருக்கே வரலாம். என் கணிப்பில் ஐந்தில் சிறந்தது அதுதான்.

படத்தைச் சரிசெய்வது

அந்தக் காலத்துத் தொடர்கள் அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில் (4:3) எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் 16:9. பழைய படத்தை இந்தப் பெட்டியில் முழுதாக நிரப்பும்படி இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். ஒல்லியான கிழவி பருத்துத் தெரிவாள். குதிரை கழுதை போலத் தெரியும். அப்படிச் செய்யாமல் படத்தைப் பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். நெற்றித் திருநீறும் கையிலிருக்கும் அரிவாளும்தான் அப்போது முதலில் காணாமல் போகின்றன. ஆகவே பெட்டியின் அமைப்பில் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்படி விட்டுவிடுங்கள். இருட்டு அறையில் ஐந்து நிமிடத்தில் கண் அந்தப் பட்டைகளை மறந்துவிடும்.

அடுத்ததாக, படத்தை வழவழப்பாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் பெயர் மாறும். பட அமைப்புகளில் 'மோஷன்' என்ற சொல்லோடு இருக்கும். அதேபோல 'ஷார்ப்னஸ்' என்பதை மிகக் குறைவாக வையுங்கள். நம் நாட்டில் அன்று இருந்த 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் மொத்தம் 625 வரிகள். அவற்றில் படத்துக்கு 576 மட்டுமே. இல்லாத நுணுக்கத்தைப் புதிய பெட்டி தானே இட்டு நிரப்ப முயலும்போது முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. மங்கலாக இருக்கட்டும். அன்று நாம் பயந்தது அந்த மங்கலில் இருந்த உருவங்களைக் கண்டுதான்.

அந்தக் காலத்தில் வி.எச்.எஸ் கேசட்டில் பதிவுசெய்து வைத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், உடனே கருவியில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அது கருவியின் தலைப்பகுதியையும் கெடுக்கும், அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும். பூசணம் இல்லையென்றால் ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள்; பல ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்த நாடா அதனால் தளரும். பிறகு கணினியில் பதிவு செய்யும்போது நொடிக்கு 25 படம், 720க்கு 576 என்ற அளவு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய முறையில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனியாக அனுப்பப்பட்டதன் அடையாளம் அது. வி.எல்.சி மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கினால் மறைந்துவிடும். கேசட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இடையில் வரும் விளம்பரங்களும் அதில் சேர்ந்து பதிவாகியிருக்கும். அவை வேறெங்கும் கிடைக்காதவை.

ஒலிக்குச் செய்ய வேண்டியது குறைவு. காதில் மாட்டும் கருவி வேண்டாம். பெட்டியின் ஒலியோ சிறிய ஒலிபெருக்கியோ போதும். ஒலி அறைக்குள் எங்கோ ஒரு மூலையிலிருந்து வர வேண்டும். குளம்பொலி தலைக்குள் கேட்பதற்கும் வாசல் பக்கமிருந்து கேட்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

வாரம் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பது என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாளை, ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பாருங்கள். விளம்பரங்களை நீக்கினால் ஒரு பகுதி இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

ஒவ்வொரு பகுதியும் ஒரு முகத்தின் மேலோ ஒரு கதவின் மேலோ ஒரு கேள்வியின் மேலோ நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. அப்படி நின்றதும் அன்று நமக்கு ஏழு நாள்கள் இருந்தன. அந்த ஏழு நாள்களில்தான் தொடர் நிகழ்ந்தது என்று நான் சொல்வேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து, கொன்றது யார், குதிரையில் வந்தது யார் என்று பேசுவோம். ஒருவன் தன் மாமாவுக்கு உண்மை தெரியும் என்பான். இன்னொருத்தி தன் ஊர்க் கருப்பு கோயிலில் நிஜமாகவே இப்படி நடந்திருக்கிறது என்பாள். வாரத்தின் நடுவில், மின்சாரம் போன ஓர் இரவில், கடைசியாகப் பார்த்த காட்சி தானாக வந்து நிற்கும். திரையில் இருபது நிமிடம் மட்டுமே ஓடிய ஒன்று ஒரு வாரம் முழுவதும் வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து ஆறு பகுதிகளைப் பார்ப்பவருக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. வாரம் ஒன்று பார்ப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நினைவூட்டல்களும் மெதுவான தொடக்கங்களும் மட்டுமே கண்ணில் உறுத்துகின்றன.

ஆகவே யூடியூபில் அடுத்த படத்தைத் தானாக ஓட்டும் 'ஆட்டோபிளே' வசதியை அணைத்துவிடுங்கள். கீழே உள்ள கருத்துகளைத் திறக்காதீர்கள். முடிவைப் போட்டு உடைத்தவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். நாளைக் குறித்ததும் வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் வியாழக்கிழமை இரவு ஒன்பது மணியை வைத்துக்கொண்டோம். சாப்பாட்டை எட்டரை மணிக்குள் முடித்து, பாத்திரங்களை ஒதுக்கி, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, சமையலறை விளக்கை மட்டும் எரியவிட்டோம். முழு இருட்டு தேவையில்லை. பக்கத்து அறையிலிருந்து விழும் கொஞ்சம் வெளிச்சம், அதில் நீளும் நிழல், அதுதான் பழைய வீட்டு அளவு. கைபேசிகளை வேறு அறையில் வைத்தோம். மூன்றாவது வாரத்தில், புதன்கிழமையே வியாழனைப் பற்றிய எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அப்போதுதான் தொடர் திரும்பக் கிடைத்தது என்பதை உணர்ந்தேன்.

ஒரு வாரம் ஊருக்குப் போக நேர்ந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். சேர்த்துவைத்து இரண்டாகப் பார்க்காதீர்கள். அன்றும் அப்படித்தான், தவறவிட்டால் பார்த்தவரிடம் கதை கேட்டுக்கொள்வோம்.

கருப்பு யார் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்

'விடாது கருப்பு' என்ற சொற்றொடர் இன்று நம் பேச்சில் கலந்துவிட்டது. விடாமல் பின்தொடரும் எதையும் அப்படிச் சொல்கிறோம். 'காத்து கருப்பு அண்டாமல்' என்று கெட்ட ஆவிகளைச் சொல்லும் வழக்கும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, நகரத்தில் வளர்ந்தவர்களுக்கும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கும், கருப்பு என்பது ஏதோ பேய் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. அந்த எண்ணத்தோடு பார்த்தால் தொடரின் நடுவே இருக்கும் கேள்வியே பிடிபடாது.

கருப்பசாமி காவல் தெய்வம். ஊர் எல்லையிலும் கண்மாய்க் கரையிலும் வெள்ளைக் குதிரையும் அரிவாளுமாக நிற்பவர், பலருக்குக் குலசாமி. களவு, பொய், ஏய்ப்பு ஆகியவற்றைத் தண்டிப்பவர் என்பதால் வழக்குகளில் அவர் முன் சத்தியம் செய்யச் சொல்வது தென் மாவட்டங்களில் நெடுங்கால வழக்கம். சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் அரிவாள் செய்து நட்டுவைப்பார்கள். புரவியெடுப்பு அன்று மண்குதிரைகளைத் தோளில் சுமந்து வருவார்கள். மதுரைக்கு வடக்கே அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவச் சிலை கிடையாது. மூடிய பெருங்கதவுகளுக்குச் சந்தனம் பூசி, மாலை சார்த்தி, அந்தக் கதவையே கும்பிடுகிறார்கள். முடிந்தால் தொடரைத் தொடங்கும் முன் அங்கே ஒருமுறை போய் அந்தக் கதவின் முன் நின்றுவிட்டு வாருங்கள். பார்க்க முடியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றால் தெரியும். அந்த உணர்வில்தான் இந்தத் தொடர் முழுவதும் நிற்கிறது.

தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்புச் செய்பவர்களைக் கருப்பே வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது என்று வெளியிலிருந்து வந்தவர்கள் ஐயப்படுகிறார்கள். இதைப் பிள்ளைப் பருவத்தில் நான் யார் கொலையாளி என்ற ஒற்றைக் கேள்வியாகத்தான் பார்த்தேன். ஆனால் அப்போதே வீட்டில் ஒருவர் வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அப்பத்தாவின் வீடு மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பதினான்கு அங்குலப் பெட்டி ஒன்று மரப் பீரோவின் மேல், பூப்போட்ட துணி விரித்த இடத்தில் இருக்கும். கோடை விடுமுறையில் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் கோரைப்பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தலையணைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொடரைப் பார்ப்போம். அப்பத்தா நிலைப்படியில் சாய்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே பார்ப்பாள். ஒரு நாள் இரவு தொடர் முடிந்த பிறகு கொல்லையில் கை கழுவப் போக யாரும் எழவில்லை. அப்பத்தா எழுந்து, மாடத்திலிருந்த கிண்ணத்திலிருந்து திருநீற்றை எடுத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் அழுத்திப் பூசிவிட்டு, "கருப்பனைக் கண்டு நம்ம பிள்ளைக என்னத்துக்குடா பயப்படணும்? களவாணிப் பய பயப்படட்டும். நமக்குக் காவல் அவந்தான்" என்றாள். அவள் விரலில் சுண்ணாம்பு வாசம் இருந்தது. அன்று அது எனக்கு ஆறுதலாகப் படவில்லை. இவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்றே நினைத்தேன்.

திரும்பப் பார்த்தபோது அப்பத்தாவின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க முயன்றேன். ஒரே காட்சி இரண்டு விதமாகத் தெரிந்தது. குளம்பொலி கேட்டதும் திரையில் ஓடுபவர்களோடு சேர்ந்து என் உடம்பும் பதறுகிறது. அதே நொடியில், இவர்கள் ஓடுவது ஏன், என்ன செய்துவிட்டு ஓடுகிறார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. பயம் யாருக்கு, காவல் யாருக்கு என்பதைத் தொடர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருப்பது அப்போதுதான் கண்ணுக்குப் பட்டது. நீங்களும் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இன்று கருப்புக்குப் பயந்தவர் யார், பயப்படாதவர் யார். கதையின் முடிவை மறந்துபோனவர்களுக்கு இந்தக் கேள்வி வழிகாட்டும். முடிவு நினைவிருப்பவர்களுக்கு, எழுத்தாளர் எவ்வளவு நேர்மையாகத் துப்புகளைக் கண்ணெதிரிலேயே வைத்திருந்தார் என்பது தெரியும்.

கவனிக்க வேண்டிய மற்றவை

சிறுவனாக நடித்த லோகேஷின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் நமக்கு நன்கு பழகிய முகங்கள் ஆனவர்கள். ஆகவே அவர்களைப் பார்க்கும்போது பிற்காலப் படங்களின் நினைவு குறுக்கே வரத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரங்களில் அது விலகிவிடும். காட்சிகள் எந்தக் காலத்தில் நடக்கின்றன என்பதையும் கவனியுங்கள். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்காது.

கிராமத்தின் ஒலிகளுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். ஒன்றுமே நடக்காத காட்சிகளில்கூட ஒலி நின்றுவிடுவதில்லை. இன்றைய தொடர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தாலே மூன்று முறை இடி இடிக்கிறது. இங்கே பின்னணி இசை இல்லாமல், அந்த அமைதியை நம்பி விட்டுவைத்த இடங்கள் இருக்கின்றன. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு வாராந்தரத் தொடர் அந்த நம்பிக்கையைக் கைவிடாமல் இருந்தது எனக்கு இன்றும் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

உறுத்தும் இடங்களும் உண்டு. மனநோயைப் பற்றிய பேச்சு அந்தக் காலத்துப் பொது அறிவின் அளவில் நிற்கிறது. மருத்துவர் சொல்வதெல்லாம் இன்று ஏற்கத்தக்கது என்று எண்ண வேண்டாம். சாமியாடுவதை ஒருபுறம் அருளாகவும் மறுபுறம் நோயாகவும் மட்டுமே பார்க்கும் பார்வையும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. உருமியும் பம்பையும் முழங்கச் சாமியாடி அருள் வந்து குறி சொல்லும் மரபுக்குள் வளர்ந்தவர்களுக்கு இவ்விரண்டிலும் அடங்காத ஒன்று அதில் இருப்பது தெரியும். இவற்றைப் பார்க்கும்போதே வாய்விட்டுக் குறை சொல்லாமல், முடிந்த பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

யாரோடு பார்ப்பது

அன்று உங்களோடு பார்த்தவர்களில் யாராவது ஒருவரேனும் இதில் சேர வேண்டும். ஒரே வீட்டில் இல்லாவிட்டால் அதே நாள், அதே நேரத்தில் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, முடிந்ததும் தொலைபேசியில் பேசுங்கள். என் சித்தப்பா மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். எங்கள் ஒன்பது மணி அவளுக்குப் பதினொன்றரை. ஆனாலும் விழித்திருந்து பார்த்துவிட்டு அழைப்பாள். அப்பத்தா பூசிய திருநீற்றை நான் மறந்திருந்தேன். அதை நினைவூட்டியவள் அவள்தான்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். கொலைகளும் சாவு வீட்டுக் காட்சிகளும் உண்டு. அதற்கு மேற்பட்டவர்களை அழைக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். 'இப்போது பயங்கரமாக ஒன்று வரும் பார்' என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முதல் வாரம் அவர்கள் சிரிப்பார்கள்; படத்தின் நிறத்தையும் உடைகளையும் கேலி செய்வார்கள். பதில் சொல்லாமல் இருங்கள். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. முதல் இரண்டு வாரம் பாதியில் எழுந்துபோனாள். நான்காவது வாரம், தொடர் முடிந்த பிறகு, மொட்டை மாடிக் கதவைத் தாழிட்டுவிட்டு வரச் சொன்னபோது, அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். நான் எதுவும் கேட்கவில்லை.

முடிந்த பிறகு

கடைசிப் பகுதியைப் பார்த்த அன்றே வேறு எதையும் பார்க்காதீர்கள். முதலில் எழுதிவைத்த தாளை எடுத்து ஒப்பிடுங்கள். தவறாக நினைவிருந்ததை அடித்துத் திருத்தாமல், பக்கத்தில் வேறு மையால் எழுதுங்கள். அதன் பிறகு இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவலைப் படியுங்கள். தொடர் அதிலிருந்து உருவானது. முன்பே படித்துவிட்டால் முடிச்சு தெரிந்துவிடும் என்பதால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். மதுரையில் வாழ்ந்து, தென் தமிழகத்தின் கோயில்களையும் நம்பிக்கைகளையும் இத்தனை பேரின் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த அவர் 2024 நவம்பரில் காலமானார். நாகாவின் கையை மேலும் அறிய விரும்புபவர்கள், 2004இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சிதம்பர ரகசியம்' தொடருக்கும், 2010இல் வந்த 'ஆனந்தபுரத்து வீடு' படத்துக்கும் போகலாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். நாங்கள் முடித்த அடுத்த வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கூடத்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மகள் வந்து சுவிட்சின் பக்கத்தில் நின்று, "இன்னைக்கு ஒண்ணும் இல்லையாப்பா?" என்றாள். 'சொர்ண ரேகை' அடுத்த மாதம் முதல் வியாழன் என்று சொல்லியிருக்கிறேன்.